ஒற்றைப் படிகம்

பெர்சிஸுக்கு இந்த வருஷம் சாரல் பிடிக்கவில்லை. ஊரே துண்டும் சோப்புமாகக் குற்றாலத்துக்குக் கிளம்பும் மாதத்தில், அவள் தென்காசிக் கல்லூரி ஒன்றின் இயற்பியல் ஆய்வகத்தில் ஜன்னல்களை இறுக்கிச் சாத்திவிட்டு பீக்கர்களுக்குக் காவல் இருந்தாள். உப்புக் கரைசலை அசைக்காமல் வைத்தால் தண்ணீர் மெல்ல ஆவியாகி அடியில் படிகம் வளரும். அதை வளர்ப்பதும் சோதிப்பதும்தான் அவள் தொழில். இத்தனை காலத்தில் வளர்த்ததையெல்லாம் கூட்டினால் ஒரு சாக்கு தேறும். பெயர் சொல்லத் தேறியது ஒன்றே ஒன்றுதான்.

அது போன வருஷச் சீசனில் வளர்ந்தது. புளியங்கொட்டை அளவு. கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளியை உள்ளே வாங்கி, பச்சை ஒளியாக வெளியே விடும் ஜாதி. அவ்வளவு பளிச்சென்று அவள் எதிலும் பார்த்ததில்லை. கட்டுரை வெளியானது. பெரிய ஆராய்ச்சி நிலையம் ஒன்று அவளை அழைத்துப் பேசி, வேலை உங்களுக்குத்தான் என்கிற அளவுக்கு வந்து, கடைசியில் ஒரு நிபந்தனை போட்டது: அதேபோல இன்னொன்று வளர்த்து மாதக் கடைசிக்குள் அனுப்புங்கள். வயது வரம்பு நெருங்குகிறது. இதை விட்டால் அவளுக்கு வேறு வாய்ப்பில்லை.

இன்னொன்று வளர்ந்தால்தானே. அதே உப்பு, அதே சூடு, அதே காய்ச்சி வடித்த தண்ணீர். வளர்ந்தவையெல்லாம் லேசர் முன்னால் செத்துக் கிடந்தன. ஜெபம் பண்ணிப் பார்த்தாள், பீக்கரைத் திட்டிப் பார்த்தாள். கட்டுரையைப் படித்துவிட்டு எங்கோ ஒரு ஆராய்ச்சி மாணவி, "மேடம், எனக்கு வரவே மாட்டேங்குது" என்று எழுதியிருந்தாள். பொறுமையாகச் செய் என்று பதில் போட்டுவிட்டு பெர்சிஸ் கழிவறையில் போய் அழுதாள். அங்கே வைத்துத்தான் அந்தக் கேடுகெட்ட யோசனை வந்தது. பழையதையே புதியது என்று அனுப்பிவிட்டால்? முதல் படிகத்தை அவர்கள் கண்ணால் கண்டதில்லை. அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் அவள் கணவன் ஜெபஸ்டின் ஐந்தருவியில் குளித்துவிட்டு, ஈரத்தலையோடு குத்துக்கல்வலசை வீட்டுக்குள் நுழைந்தான். குளிக்கப் போனால் ஒரு கேன் அருவித் தண்ணீர் பிடிக்காமல் திரும்ப மாட்டான். அதில்தான் சோறு பூவாக வேகுமாம்.

"என்னங்க, அது என் லேப் கேனுல்லா?"

"வண்டி டிக்கியில சும்மாதானே கெடந்துச்சு. போன வருசமும் இதுலதாம் புடிச்சேன். ஆனா அந்தத் தண்ணி வெளங்கல, பாத்துக்கோ. சப்புன்னு இருந்துச்சு. நீகூட ரசத்துல உப்ப அள்ளி அள்ளிப் போட்டியே?"

பெர்சிஸ் அடுப்பை அணைத்துவிட்டுக் கேனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். போன வருஷம் கல்லூரியில் தண்ணீர் வடிக்கும் கருவி பழுது. ஆலங்குளத்தில் ஒரு தோழியின் கல்லூரியிலிருந்து காய்ச்சி வடித்த தண்ணீர் வாங்கி வருவாள். ஒரே மாதிரி இரண்டு கேன்கள் டிக்கியில் கிடக்கும். ஒன்று நிறைந்தது, ஒன்று காலி. இவன் காலியில் அருவியைப் பிடித்திருக்கிறான். பிறகு ஒன்று அடுப்படிக்குப் போனது, ஒன்று ஆய்வகத்துக்கு.

அருவித் தண்ணீர் சப்பென்று இருக்காது. காய்ச்சி வடித்ததுதான் அப்படி இருக்கும். ரசம் கொதித்தது அதில். படிகம் வளர்ந்தது அருவியில்.

"போன வருசம் எந்த அருவியில புடிச்சிய?"

"பழைய அருவியா இருக்கும். இல்ல, மெயினருவி. ஏட்டி, எல்லாம் ஒரே மலைத் தண்ணிதானே?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அந்தத் தண்ணீரில் எந்தப் பாறையின் எந்தத் தாது கலந்திருந்ததோ, அது படிகத்துக்கு மட்டும்தான் தெரியும். ஒவ்வோர் அருவியிலும் பிடித்து வளர்த்துப் பார்க்க மாதக் கடைசிக்குள் நாள் போதாது. தெரிந்துகொள்ள அதைப் பொடித்து அமிலத்தில் கரைக்க வேண்டும். ஓரத்தில் சுரண்டினால் போதாது. கலந்திருப்பது இம்மியிலும் இம்மி. பொடித்தால் அனுப்ப ஒன்றுமில்லை. அனுப்பினால் வேலை உண்டு. ஆனால் அந்த மாணவி, வராத படிகத்துக்காக இன்னும் எத்தனை நாள் பீக்கரைப் பார்த்துக்கொண்டிருப்பாளோ.

திங்கட்கிழமை ஆய்வகத்துக்கு ஜெபஸ்டினும் கூடவே வந்தான். விஷயத்தை முழுதாகச் சொல்லியிருந்தாள். பாவம், அவன் முகம் தொங்கிப்போய்க் கிடந்தது.

"அது ஒன்னுதானே இருக்கு, பெர்சி? அனுப்பிருவோம். யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியுமே."

படிகத்தைச் சின்னக் கல்வத்தில் போட்டு, குழவியை வைத்து அழுத்தினாள். அது லேசில் உடையவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஏறி அழுத்தினாள். நொறுங்கியதும், சாதாரணப் பொடியுப்பு மாதிரி ஆகும்வரை அரைத்தாள்.

கை கழுவும்போது போன் அடித்தது. ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநர்.

"இன்னொன்னு வளந்துச்சா மேடம்?"

"இல்ல சார்."

"பரவாயில்ல, மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க. கமிட்டியில பேசிட்டேன். முதல் படிகத்தையே அனுப்புங்க, இங்க சோதிச்சுப் பார்த்துட்டு ஆர்டர் போட்டுடுறோம்."

பெர்சிஸ் கல்வத்தைப் பார்த்தாள். ஜெபஸ்டின் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அதுவும் இல்ல சார்" என்றாள்.