மூன்றாம் குறுக்குத் தெருவின் மூக்குப்பெட்டி

“என் வூட்டுக் கருவாடு நாறுதுன்னு சொல்ல உன் பொட்டிக்கு என்னாக்கா யோக்கியத இருக்கு?”

அமராவதி கேட்டது மூன்றாம் குறுக்குத் தெருவின் இரண்டு கோடிக்கும் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் கேட்டாள். எதிர்வீட்டு மாடியில் நின்ற அமிர்தமும் குரலைத் தணிக்கிற வகை இல்லை. பெட்டி பொய் சொல்லாது என்றும், மதியம் பன்னிரண்டே காலுக்கு அதில் நம்பர் நாற்பதிலிருந்து நூற்றெண்பதுக்குத் தாவிற்று என்றும், அந்நேரம் யார் வீட்டு அடுப்பில் என்ன கொதித்தது என்பதைத் தெருவே சொல்லட்டும் என்றும் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அறிவித்தாள்.

“அதுக்கு மூக்கு வச்சவங்க நாக்கு வைக்கல. அதான் என் கொழம்போட அரும தெரியல” என்றாள் அமராவதி.

தெரு சிரித்தது. இரண்டு பேருக்கும் நடுவே புகுந்து பேச வேண்டியவர் அமிர்தத்தின் கணவர் கலியமூர்த்தி. மின்வாரியத்தில் முப்பது வருஷம் கம்பம் ஏறியவர். எந்தக் கம்பியைத் தொடக்கூடாது என்று தெரிந்தவர். ஆகவே பேப்பரை விரித்து முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டார்.

பெட்டி வந்த கதை இதுதான். கடலூரிலிருந்து செம்மங்குப்பம் போகிற வழியில் இருக்கிறது இந்தத் தெரு. தெருவுக்குத் தெற்கே ஒரு ரசாயனக் கம்பெனி. சாயங்காலம் ஆறு மணிக்குக் காற்று திரும்பியதும் அழுகிய முட்டைக்கோசைத் துணியில் முடிந்து மூக்கில் கட்டியதுபோல ஒரு நாற்றம் வரும். மற்றவர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு சீரியல் பார்த்தார்கள். அமிர்தம் மட்டும் ஐந்து வருஷமாகத் திங்கட்கிழமை தவறாமல் கலெக்டர் ஆபீஸ் மனுநாளுக்குப் போய்வந்தாள். மனுவை மகள் இளமதி அழகான கையெழுத்தில் எழுதித் தருவாள். இளமதிக்கும் இதில் அக்கறை உண்டு. பெண் பார்க்க வந்த இரண்டு வீட்டார் சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து, ஆறே காலுக்குக் கேசரியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனவர்கள்.

மனுவை வாங்கிய அலுவலர் ஒருநாள் பொறுமையாகச் சொன்னார். நாற்றம் என்று எழுதினால் போதாது, எவ்வளவு நாற்றம் என்று எழுத வேண்டும். அமிர்தம் அவரிடம், அதைப் படியால் அளப்பதா மரக்காலால் அளப்பதா என்று கேட்டுவிட்டு வந்தாள். ஆனால் அந்த வார்த்தை அவளுக்குள் முள்ளாகத் தைத்துவிட்டது. நாற்பது வருஷம் சாதம் வடித்த மூக்கை நம்ப மாட்டார்களாம், நம்பரைத்தான் நம்புவார்களாம்.

அப்படி இருக்கும்போதுதான் சிதம்பரத்தில் ஓர் ஆய்வு மையத்திலிருந்து இசைவாணி வந்தாள். கீரப்பாளையத்துப் பெண், சர்ச்சுக்குப் போகிற குடும்பம், அந்த வீட்டில் முதல் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறவள். காற்றில் கலந்த வாயுக்களை அளக்கும் கருவி ஒன்றைக் குறைந்த செலவில் அவளே செய்திருந்தாள். சோதித்துப் பார்க்க ஒரு மொட்டை மாடி வேண்டும் என்றாள். அமிர்தம் மாடியோடு, பெட்டி மழையில் நனையாமலிருக்க ஒரு தகரக் கூரையும், கரண்டும் மோரும் கொடுத்தாள்.

ஒரு துறைக்கென்று செய்த பெட்டியை ஒரு துறையோடு விட்டால் நிதி வராது என்பது இசைவாணியின் கைடு பேராசிரியர் திருநாவுக்கரசின் கொள்கை. அவர் வேதியியல்காரர். கடல் உயிரியல்காரரையும் வேளாண்மைக்காரரையும் கூட்டுச் சேர்த்து, கிள்ளையில் அலையாத்திச் சேற்றோரம் ஒரு பெட்டியும் கீரப்பாளையத்து வயலில் ஒரு பெட்டியும் வைத்தார். கிள்ளைப் பெட்டி இறக்கிவைத்த நொடியிலிருந்து ஓயாமல் கத்தியது. அது சேற்றின் இயற்கை மணம், இயற்கைக்கெல்லாம் கத்தாதபடி பெட்டிக்குப் புத்தி புகட்ட வேண்டும் என்றார் கடல்காரர். வயல் பெட்டியும் கத்தியது. நெல் வயலே வாயு விடுகிறது என்று வேளாண்மைக்காரர் மகிழ்ச்சியாக எழுதினார். வயலுக்குச் சொந்தக்காரர் அருள்முருகன், இனி நடவுக்கு லைசன்ஸ் வாங்கணுமா சார் என்று கவலையாகக் கேட்டார். பிறகு சேர்ந்துகொண்ட சமூகவியல் அம்மையார், கருவி மக்களுக்கு நெருக்கமாக இருக்க வேண்டும் என்று சொல்லி, நம்பருக்குப் பக்கத்தில் ஒரு முகம் வைக்கச் சொன்னார். நல்ல காற்றென்றால் பச்சை முகம் சிரிக்கும். கெட்ட காற்றென்றால் சிவப்பு முகம் உதட்டைப் பிதுக்கிக் கீகீ என்று அழும்.

அமிர்தத்தின் மாடியில் அது தினமும் ஆறு மணிக்கு அழுதது. அழ அழ அவளுக்கு ஆனந்தம். அந்த நம்பரை நாட்காட்டித் தாளில் எழுதி ஆணியில் குத்திவைத்தாள். மதியத்தில் அழுதால் அது அமராவதியின் கருவாடு. அதையும் எழுதினாள், கூடவே தெருவிலும் சொன்னாள். சண்டை அப்படி வந்ததுதான்.

சண்டை நடந்த மறுமாதம் ஆயுத பூசை. அமிர்தம் அரைகுறையாகப் பூசை செய்கிறவள் இல்லை. கிரைண்டர், மிக்சி, தையல் மெஷின், கலியமூர்த்தியின் ஸ்கூட்டர், கட்டிங் பிளேயர் எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டாள். தனக்காக நாள்தோறும் சாட்சி சொல்கிற பெட்டியை மட்டும் விட்டுவிட மனசு வருமா? மாடிக்குப் போனாள். எதை நெற்றி என்று கொள்வது என்று சற்று யோசித்தாள். முகப்பின் நடுவில் கடுகளவு துளைகளோடு வட்டமாக ஓர் இடம், பொட்டுக்கென்றே விட்டதுபோல இருந்தது. சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து அப்பினாள். மேலே குங்குமம். கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அன்று ஆறு மணிக்குப் பெட்டி சிரித்தது. கம்பெனிக்கும் பூசை லீவு போல என்று நினைத்தாள். மறுநாள் நாற்றம் வந்தது, பெட்டி சிரித்தது. அதற்கு மறுநாளும் அப்படியே. நம்பர் இருபத்திரண்டு. காலை இருபத்திரண்டு, மாலை இருபத்திரண்டு. இசைவாணிக்குப் போன் செய்தாள். நம்பரெல்லாம் சிம் கார்டு வழியாகத்தான் சிதம்பரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. இசைவாணி கைடிடம் கேட்டாள். புதுக் கருவி இப்போதுதான் செட்டிலாகிறது, முன்னால் காட்டியதெல்லாம் செட்டிலாகாத ரீடிங் என்று அவர் சொல்லிவிட்டார்.

தீபாவளி வந்தது. தெரு முழுக்கச் சரவெடி. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாத புகை. பெட்டி இருபத்திரண்டில் நின்று சிரித்தது. மக்களின் விழிப்புணர்வு அதிகரித்திருக்கிறது என்று சமூகவியல் அம்மையார் குறித்துக்கொண்டார். மழைக்காலக் காற்று என்றார் வேளாண்மைக்காரர். கம்பெனியில் புதிதாக வைத்த வடிகட்டி என்றார் திருநாவுக்கரசு. மூன்றும் சேர்ந்து ஒரே கட்டுரையாக வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்தது.

இடையில் ஒருநாள் இசைவாணி படமெடுக்க மாடிக்கு வந்தாள். பொட்டைப் பார்த்தாள். பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை. அவள் லேபில் தராசுக்குப் பொட்டு, மைக்ரோஸ்கோப்புக்குப் பொட்டு, கைடின் கம்ப்யூட்டருக்கு இரண்டு பொட்டு. நம் ஊரில் பொட்டில்லாத மெஷின்தான் கண்ணை உறுத்தும். ஒரு நொடி கை நீண்டது என்னவோ உண்மை. ஆனால் சர்ச்சுக்குப் போகிற வீட்டுப் பெண் பொட்டை அழித்தாள் என்று தெரு நாளைக்கு என்ன பேசும் என்பதும் அவளுக்குத் தெரியும். கையை இழுத்துக்கொண்டாள்.

அமிர்தத்துக்குத் தன் மூக்கின்மேலேயே சந்தேகம் வந்தது. டாக்டரிடம் காட்டினாள். மூக்கு நன்றாக இருக்கிறது என்று சொல்லி ஜலதோஷ மாத்திரை எழுதிக் கொடுத்தார். அமராவதி வேறு தினம் மாடியைப் பார்த்து, யக்கா இன்னிக்கு வஞ்சிரம், பொட்டி என்னா சொல்லுது என்று விசாரித்தாள். இதெல்லாம் பொறுக்கலாம். திங்கட்கிழமை மனுநாளில் அலுவலர் ஒரு தாளை எடுத்துக் காட்டியதுதான் பொறுக்க முடியவில்லை. பெட்டியின் நம்பரை வரைந்த படம் அது, சமன் செய்த கட்டிடத் தரை மாதிரி ஒரே கோடு.

“உங்க வூட்டு மாடியில வச்ச மெஷினே சுத்தம்னு சொல்லுதும்மா. அப்புறம் நீங்க எதுக்கு மனு குடுக்குறீங்க?”

ஐந்து வருஷ மனுவைத் தன் வீட்டுப் பெட்டியே தின்றுவிட்டது. அமிர்தம் அன்று பஸ்ஸில் வாயே திறக்கவில்லை. கண்டக்டருக்கே ஆச்சரியம்.

மார்கழியில் சிதம்பரத்தில் அறிக்கை வெளியீட்டு விழா. கருவிக்கு இடமளித்தவள் என்று அமிர்தத்துக்குச் சால்வை. அவளுக்குப் போக மனமில்லை. வராவிட்டால் என் பட்டத்துக்குக் கேடு ஆன்ட்டி என்று இசைவாணி கெஞ்சினாள். தெருவுக்கே வேன் வந்தது, சாப்பாடு உண்டு என்றார்கள். அமராவதி முதல் ஆளாக ஏறினாள். சிதம்பரத்தில் நாத்தனார் இருக்கிறாள், அவளுக்குக் கொடுக்க வறுத்த நெத்திலிக் கருவாடு ஒரு டப்பா, மஞ்சள் பையில்.

மேடையில் மூன்று பெட்டிகளுக்கும் மாலை போட்டிருந்தார்கள். முன்வரிசையில் கம்பெனி அதிகாரி ஸ்வீட் பாக்கெட்டுகளோடு உட்கார்ந்திருந்தார். திருநாவுக்கரசு திரையில் பெட்டியின் படத்தைப் பெரிதாகக் காட்டி, பாகம் பாகமாக விளக்கினார். ஒவ்வொரு பாகத்துக்கும் ஓர் அம்புக்குறி. இது டிஸ்ப்ளே. இது ஆன்டெனா. இது காற்று நுழைவாய் என்றபோது, அம்பின் முனை அமிர்தம் வைத்த குங்குமத்தின் நட்டநடுவில் குத்தி நின்றது.

அரங்கத்தில் முனைவர்கள் பதினேழு பேர். எல்லோரும் கைதட்டினார்கள்.

அமிர்தம் நாற்காலி நுனிக்கு நகர்ந்து திரையை உற்றுப் பார்த்தாள். அந்தப் பொட்டு அவளுக்குத் தெரியும், ஓரத்தில் அவள் மோதிர விரல் ரேகைகூடத் தெரிந்தது. பக்கத்தில் அமராவதி மெதுவாகத் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கும் புரிந்துவிட்டது. சொல்லாமல் விட்டால் சால்வையோடு வீட்டுக்குப் போகலாம், தெருவில் காற்று என்றைக்கும் சுத்தம். சொன்னால் மூக்கை அடைத்த அமிர்தம் என்று சாகிறவரைக்கும் பேர். அமராவதி ஒருத்தி போதும், அந்தப் பேரை ஆயுசுக்கும் ஓட்ட.

சால்வைக்கு அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். மேடை ஏறினாள். சால்வையைக் கையால் விலக்கினாள்.

“சார், காத்து போற ஓட்டைய நான்தான் அடச்சேன்” என்றாள் மைக்கில். “ஆயுத பூசைக்குப் பொட்டு வச்சேன். நெத்தின்னு நெனச்சிட்டேன். அன்னிக்குப் புடிச்சிதான் அது சிரிக்குது.”

திருநாவுக்கரசு பண்போடு சிரித்தார். ஒரு துளி சந்தனம் சர்வதேச அளவில் ஏற்கப்பட்ட முடிவை மாற்றாது என்றார். சமூகவியல் அம்மையார் எழுந்து, பண்பாட்டு நடைமுறைகள் கருவிகளின்மேல் செலுத்தும் தாக்கம் என்று தனி ஆய்வே செய்யலாம் என்றார். நிதி எங்கே கேட்பது என்று அவருக்கு அப்போதே தெரிந்திருந்தது.

இசைவாணி ஓரத்தில் நின்றிருந்தாள். அவள் பட்டம், கைடு, கட்டுரை மூன்றும் அந்தப் பொட்டுக்குப் பின்னால் இருந்தன.

“நானும் பார்த்தேன் சார். பார்த்துட்டு உட்டுட்டேன்” என்றாள்.

தலையிலிருந்து ஹேர்பின்னை உருவி, மேடையிலிருந்த மாடிப் பெட்டியின் பொட்டைக் கிளறினாள். காய்ந்த சந்தனம் பிளந்து மேசைமேல் உதிர்ந்தது. பேட்டரியைப் போட்டாள். எல்லோரும் பெட்டியைப் பார்த்தார்கள். அரங்கத்தில் நல்ல ஏசிக் காற்று. பெட்டி சிரித்தது. கம்பெனி அதிகாரியும் சிரித்தார்.

அமராவதி எழுந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடைக்கு வந்து, மஞ்சள் பையிலிருந்து டப்பாவை எடுத்துப் பெட்டியின் முன் திறந்தாள். சிவப்பு முகம் உதட்டைப் பிதுக்கி, அரங்கமே காதைப் பொத்தும்படி அழுதது. நூற்றி எழுபத்தாறு.

“பூசைக்கு முன்னாடி அழுதுச்சி, இப்பவும் அழுவுது. நடுவுல நான் கருவாடு வறுக்காத நாளே இல்ல சார்” என்றாள். பிறகு அமிர்தத்தைப் பார்த்து, குரலை ஒரு கட்டை இறக்கி, “உன் பொட்டி கெட்டிக்காரப் பொட்டிதான் யக்கா” என்றாள்.

கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். இசைவாணிக்கு ஒரு வருஷம் தள்ளிப்போயிற்று. மறுபடி அளந்தாள். இந்தமுறை ஒவ்வொரு திங்கட்கிழமையும் பெட்டிக்கு மூக்கு சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு முறை வைத்தாள். அவளுடைய ஆய்வேட்டின் பின்னிணைப்பில் இன்றைக்கும் இருக்கிறது: நெத்திலிக் கருவாடு, ஒரு கைப்பிடி, நல்லெண்ணெயில் வறுத்தது, வறுப்பவர் அமராவதி. வேறு ஆள் வறுத்தால் நம்பர் மாறுகிறதாம். கிள்ளைக்கும் கீரப்பாளையத்துக்கும் அவளையே காரில் கூட்டிப்போனார்கள். கார் தெருவைக் கடக்கும்போது கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொள்வாள்.

ஏறி இறங்கும் புது வரைபடத்தைப் பார்த்த மனுநாள் அலுவலர் கம்பெனிக்கு நோட்டீஸ் அனுப்பினார். கம்பெனி ஆறு மாதத்தில் புகைபோக்கியை இன்னும் நாற்பதடி உயர்த்தியது. நாற்றம் தெருவுக்கு மேலாகவே போய்விட்டது. சாயங்காலம் ஆறு மணிக்கு ஜன்னல்கள் திறந்தன. மூக்கை அடைத்த அமிர்தம் என்ற பேரும் நிலைத்தது. ஆனால் சொல்கிறவர்கள் இப்போது கொஞ்சம் மரியாதையாகச் சொல்கிறார்கள்.

இசைவாணி முனைவரானதும், கிள்ளைப் பெட்டிக்குள் புகுந்த நண்டுகளை இரண்டு வருஷம் எடுத்துப்போட்ட கடல்துறை செந்தமிழ்ச்செல்வனைக் கட்டிக்கொண்டு தூத்துக்குடிக்குப் போய்விட்டாள். திருநாவுக்கரசு பண்பாட்டுத் தாக்க ஆய்வுக்குத் தலைவராகிச் சென்னைக்கு மாறினார். அமராவதி மகனோடு பாண்டிச்சேரி போனாள். போகும்போது ஒரு டப்பா நெத்திலியை அமிர்தத்திடம் கொடுத்து, பெட்டிக்குத்தான், நீ திங்கறதுக்கு இல்ல என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இளமதிக்கும் நல்ல இடம் அமைந்தது. மாப்பிள்ளை எழிலன், டிராக்டர் கம்பெனியில் வேலை. பெண் பார்க்க ஆறு மணிக்கு வந்தவர்கள் ஏழரை வரை இருந்து கேசரியை இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார்கள். புகுந்த வீடு தொலைவில் இல்லை, வடக்கே மூன்று கிலோமீட்டர்தான். போன மாதம் இளமதி போன் செய்தாள். சாயங்காலம் ஆறு மணி ஆனால் அங்கே ஒரு மாதிரி அழுகிய முட்டைக்கோஸ் வாடை வருகிறதாம். அந்த நாற்பதடியின் புண்ணியம். மறுநாள் காலை அமிர்தம் பெட்டியை மடியிலும் கருவாட்டு டப்பாவைக் கூடையிலும் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். சம்பந்தி வீட்டுக்கு முதல் தடவையாகப் போகிறாள், பூவும் பழமும் எடுக்க மறந்துவிட்டாள்.