இழுத்தால் வராத யோயோ

“இழுத்தா வரணும்! இழுத்தா வராததுக்குப் பேரு யோயோ இல்ல, இரும்புக் குண்டு!”

“அலுமினியம்” என்றார் ஓட்மார், கதவைப் பாதி திறந்தபடி.

“எதுவா இருந்தா எனக்கென்ன? கீழ போவுது, அங்கேயே நின்னு சுத்துது, நான் இழுக்குறேன், அது பாட்டுக்குச் சுத்துது. அப்புறம் நின்னுடுது, செத்த எலி மாதிரி தொங்குது. பேரிங் போன சாமானை என் தலையில கட்டிட்டீங்க. ஏமாத்துக்காரர் நீங்க!”

மூன்றாவது மாடியில் நடந்த இந்தச் சண்டை, படிக்கட்டு வழியாக எட்டாவது மாடி வரை போய்ச் சேர்ந்தது. செக் நாட்டு ப்ருனோ நகரில் இந்தக் காலத்துக் கான்கிரீட் கட்டடங்கள் எல்லாமே அப்படித்தான், ஒரு வீட்டில் தும்மினால் மறுவீட்டில் வாழ்த்துச் சொல்வார்கள். கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. எல்லோரும் திடீரென்று தங்கள் கால்மிதியடியை உதற ஆரம்பித்தார்கள்.

கத்தியவள் ஐந்தாவது மாடி ஹெட்விகா. வயது நாற்பத்தொன்று, மூக்குக் கண்ணாடிக் கடையில் வில்லை தேய்க்கும் வேலை. மயிரிழை பிசகினாலும் கண்டுபிடிக்கும் கை. வசந்த காலத்தில் அவள் கணவன் யாரோமீர், பில்சன் நகரத்துக்காரி ஒருத்தியோடு கிளம்பிப் போயிருந்தான். அவன் விட்டுப்போனது, அவன் அம்மா கொடுத்த கண்ணாடித் தொங்குவிளக்கு ஒன்றை மட்டும்தான். கூடத்தின் நட்டநடுவில், ஆள் தலையில் இடிக்கிற உயரத்தில் தொங்கியது அது. ஆறு மாதமாக அவள் அழவில்லை, யாரிடமும் புலம்பவும் இல்லை. இதில் கட்டடத்துக்கே கொஞ்சம் ஏமாற்றம்தான்.

அப்போதுதான் வாசல் அறிவிப்புப் பலகையில் ஓட்மார் ஒரு சீட்டு ஒட்டினார்: உபயோகித்த உலோக யோயோ விற்பனைக்கு. பள்ளியில் பதின்மூன்று வயதில், வகுப்பே பிளாஸ்டிக் யோயோ வைத்துச் சுற்றிய வருடத்தில், நூலைத் தொட்டிலாகக் கட்டி அதற்குள் யோயோவை ஆட்டும் ‘தொட்டில்’ வித்தையைப் போட்டுக் காட்டிய ஒரே பெண் ஹெட்விகாதான். சீட்டைப் பார்த்ததும் அவளுடைய நடுவிரல் தானாகத் துடித்தது. வாங்கினாள். அதற்குப் பிறகு நடந்ததுதான் இந்தச் சண்டை.

ஓட்மார் டிராம் பணிமனையில் மின்சார வேலை பார்ப்பவர், குடியிருப்போர் சங்கத் தலைவரும் அவர்தான். குரலை உயர்த்தாமல் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“பெட்டிக்குள்ள ஒரு காகிதம் வச்சிருந்தேனே, படிச்சீங்களா?”

“எந்தக் காகிதம்?”

அவர் கதவை மெல்லச் சாத்திக்கொண்டார்.

காகிதம் எங்கே இருந்திருக்கும்? காகிதம் போடுகிற நீலக் குப்பைத் தொட்டியில்தான். ஹெட்விகா குப்பையைப் பிரித்துப் போடுவதில் கறாரானவள். தொட்டிக்குள் இடுப்புவரை குனிந்து, பேரங்காடி விளம்பரங்களைக் கிளறித் தேடினாள். மூன்று சன்னல்களில் திரை அசைந்தது. கடைசியில் கிடைத்தது. ‘இது புதிய வகை. இழுத்தால் வராது. நூலை ஒரு மடிப்பு மடித்து, சுற்றுகிற இடைவெளிக்குள் கொடுத்தால் கவ்விக்கொண்டு தானே கைக்கு ஏறிவரும். அவசரப்பட வேண்டாம்.’

அவசரப்பட வேண்டாம் என்பதன் கீழே இரண்டு கோடு வேறு போட்டிருந்தார். பல வருடம் கழித்து யோயோவுக்குத் திரும்பி வருகிற எல்லோரும் செய்கிற தவறுதான் இது. ஆனால் எல்லோரும் அதைப் படிக்கட்டில் நின்று செய்வதில்லை.

அவமானத்தோடு சேர்ந்து இன்னொன்றும் வந்தது. நான்காவது மாடியில், அவளுக்கு நேர் கீழே இருக்கும் விதவை கூபிகோவா ஒரு புகார் எழுதிக் கொடுத்திருந்தாள்: தலைக்கு மேலே தினமும் ‘டொம்’. யோயோ திரும்பி வராமல் தரையில் விழுந்த சத்தம் அது. ஒவ்வொரு ‘டொம்’முக்கும் அவள் கரண்டியால் வெந்நீர்க் குழாயில் மூன்று தட்டு தட்டுவாள்; மொத்தக் கட்டடமும் அதிரும். வீட்டுக்குள் விளையாடவே கூடாது என்று அடுத்த வாரக் கூட்டத்தில் தீர்மானம் வரப்போகிறதாம். விளையாட வேறு இடம் என்றால் கீழ்த்தளத்துத் துணி உலர்த்தும் அறைதான். அதன் சாவி தலைவரிடம். தலைவர் ஓட்மார்.

மறுநாள் மாலை, எல்லோரும் வேலை விட்டு வருகிற நேரம் பார்த்து, ஹெட்விகா பிளம் பழம் வைத்த பணியாரத் தட்டோடும் யோயோவோடும் மூன்றாவது மாடியில் போய் நின்றாள்.

“நான் சொன்னது தப்பு. நீங்க ஏமாத்துக்காரர் இல்ல.”

“சத்தம் பத்தல” என்றார் ஓட்மார். “நேத்து எட்டாவது மாடி வரைக்கும் போச்சு.”

“நீங்க ஏமாத்துக்காரர் இல்ல! நான்தான் காகிதத்தக் குப்பையில போட்ட முட்டாள்!”

“எங்களுக்குத் தெரியும்மா!” என்று மேலிருந்து ஒரு குரல் வந்தது.

ஓட்மார் பணியாரத்தை வாங்கிக்கொண்டார். அங்கேயே, செருப்பை ஓரமாக விட்டு, யோயோவைப் போட்டார். அது அடியில் அசையாமல் நின்று சுழன்றது. இடது கையால் நூலை எடுத்தார், மடித்தார், கொடுத்தார். பட்டென்று உள்ளங்கைக்குள் வந்து உட்கார்ந்தது.

“இழுக்காதீங்க. கொடுங்க. அவ்வளவுதான்.”

அந்தச் சாமர்த்தியம் கைவர ஹெட்விகாவுக்கு எட்டு நாள் பிடித்தது. முதல் மூன்று நாள் குழாய் அதிர்ந்துகொண்டே இருந்தது. ஐந்தாம் நாள் ஒரே ஒருமுறை. பிறகு ஓய்ந்தது. இடையில் விளக்கின் கண்ணாடித் துளிகள் இரண்டு உடைந்தன. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் கீழ்வீட்டுக்குக் கேட்டிருந்தது.

கூட்டத்தில் இருபது பேர் நாற்காலி கொண்டுவந்து உட்கார்ந்தார்கள். ஹெட்விகா எழுந்து சாவி கேட்டாள். செவ்வாய், வியாழன் ஒரு மணி நேரம் போதும் என்றாள். ஆறு மாதத்தில் தனக்கென்று அவள் வாயைத் திறந்து கேட்டது இதுதான். எல்லோரும் கூபிகோவாவைத் திரும்பிப் பார்த்தார்கள். மற்றவர்கள் வீட்டிலெல்லாம் உலர்த்தும் எந்திரம் வந்துவிட்டது. அந்த அறையில் இன்னும் துணி காயப்போடுவது அவள் ஒருத்திதான். அவள் சொன்னால் சொன்னதுதான்.

“மொதல்ல அதக் காட்டு பொண்ணே. என்னத்துக்காக என் போர்வைய எடுக்கச் சொல்றேன்னு பாக்கணும்.”

ஹெட்விகா போட்டாள். சுழன்றது. நூலில் ஏற்றி ஒரு தொட்டில் கட்டினாள், அதற்குள் அதை ஆட்டினாள், இறக்கினாள், மடித்துக் கொடுத்தாள். கைக்கு வந்தது. ஒரு சத்தமில்லை. யாரோ இருமலை அடக்கிக்கொண்டிருந்தது மட்டும் கேட்டது.

“இது சத்தமே போடலியே” என்றாள் கூபிகோவா, ஏதோ பறிபோன மாதிரி. “அப்போ டொம் டொம்னு விழுந்தது?”

“அப்போ திருப்பி எடுக்கத் தெரியல.”

“இப்போ தெரியுமா?”

“தெரியும்.”

“அப்புறம் சாவி எதுக்கு? உன் வீட்டுலயே ஆடேன்.”

ஹெட்விகா யோயோவில் நூலைச் சுற்ற ஆரம்பித்தாள். ஓட்மார் மேசையைப் பார்த்தார்.

“வீட்டுல அந்த விளக்கு இருக்கு” என்றாள் கடைசியில். “நடுவுல. எப்பிடி நின்னாலும் இடிக்குது.”

“அவன் அம்மா குடுத்ததா?”

“ம்.”

“கழட்டிப் போடு.”

“அவர் வந்து கேட்டா?”

“அவன் வருவான்னா காத்துட்டிருக்க?”

கூட்டம் முழுக்க நாற்காலியில் முன்னால் சாய்ந்தது. ஹெட்விகா யோயோவைக் கைக்குள் இரண்டு முறை திருப்பினாள்.

“இல்ல” என்றாள். “நான் சாவி கேட்டத எழுதாதீங்க, வாபஸ் வாங்கிக்கிறேன்.”

தீர்மானமும் கைவிடப்பட்டது. சனிக்கிழமை காலை ஓட்மார் ஏணியும் திருப்புளியுமாக ஐந்தாவது மாடிக்குப் போனார். எதிர்வீட்டார் கணக்குப்படி அங்கே ஒன்றரை மணி நேரம் இருந்தார். ஒரு விளக்கைக் கழற்ற அவ்வளவு நேரம் ஆகாது என்று ஏழாவது மாடியில் பேச்சு. உண்மை என்னவென்றால், கூடம் காலியானதும் ஹெட்விகா அங்கேயே நின்று ஆட ஆரம்பித்துவிட்டாள், பாவம் அந்த மனிதர் ஏணியைத் தூக்கிக்கொண்டு போக வழியில்லாமல் மூலையில் நின்றார்.

அவர்கள் இருவருக்கும் கல்யாணம் என்று நாள்கூடக் குறித்துவிட்டது கட்டடம். நடக்கவில்லை. ஓட்மார், அதே கட்டடத்தின் இரண்டாவது வாசல் பக்கம் குடியிருந்த பல் மருத்துவ உதவியாளரை மணந்து ஓலொமோட்ஸ் நகரத்துக்குப் போய்விட்டார். ஹெட்விகா அந்தக் கல்யாணத்துக்குப் போய்த் தொட்டில் ஆடிக் காட்டி வந்தாள். யாரோமீர் அந்தப் பில்சன்காரியை மணந்துகொண்டு, விளக்கைக் கேட்டுக் கடிதம் போட்டான். விளக்கு அப்போது கூபிகோவா வீட்டில் தொங்கியது, ‘என் தலைக்கு மேல விழுற சாமானெல்லாம் எனக்குத்தான்’ என்று அவள் கேட்டு வாங்கிவைத்துக்கொண்டது. மறுவருடம் அறுபத்தாறாவது வயதில் அவளும் லுஹாச்சோவிட்ஸே ஊரின் மருத்துவ நீர்க் குளியலில் சந்தித்த அக்கார்டியன் வாசிப்பவரை மணந்து, விளக்கோடு அங்கேயே குடிபோனாள். நான்காவது மாடிக்கு இப்போது தம்பதி ஒன்று வந்திருக்கிறது. அவர்கள் சமையலறையில் நாட்டியம் பழகுகிறார்கள், ஐந்தாவது மாடித் தரை அதிர்கிறது. ஹெட்விகா ஒரு கரண்டி வாங்கியிருக்கிறாள்.