சூடாக இருந்த பானெட்

ஐம்பத்தெட்டு வயதில் ஸிவ்வுக்குப் புது வேலை கிடைத்திருந்தது. ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சமையலறையை இழுத்து மூடியபின், எஸ்டெர்சுண்ட் நகரத்தில் ஒரு ரொட்டிக்கடை. ஆறு மாதம் சோதனைக்காலம். காலை ஐந்தரைக்கு மாவில் கை வைத்தாக வேண்டும். எண்பது கிலோமீட்டர் தூரம், அந்த நேரத்துக்குப் பஸ்ஸாவது ஒன்றாவது! வண்டி இல்லையென்றால் வேலை இல்லை. வேட்டை நாயும் ஏற வேண்டும் என்பதால் பின்பக்கம் நீண்ட ஸ்டேஷன் வேகன்தான் சரி. கையிலிருந்த காசுக்கு அகப்பட்டது மூன்று லட்சத்து நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிய டீசல் கிழம்.

"கிழம்னா பயப்படாதே. பார்க்கத் தெரியணும், அவ்வளவுதான். நான் வர்றேன்" என்றான் ரோலாண்ட்.

அவன் வருகிறான் என்றால் அப்புறம் என்ன கவலை? இருபத்திரண்டு வருடமாக இருவரும் ஒரே மூஸ் மான் வேட்டைக் குழு. அவன் 'சுடலாம்' என்றால், புதருக்குப் பின்னால் ஆள் இருக்கிறதா என்று ஸிவ் இரண்டாம் முறை பார்க்க மாட்டாள். அவள் கணவனின் சவப்பெட்டியைத் தூக்கிய ஆறு தோள்களில் ஒன்று அவனுடையது.

ஏரிக்கு அக்கரையில் மெல்கெர் என்ற இளைஞனின் வீட்டு முன் அந்த வண்டி விற்பனைக்கு நின்றது. குளிர் மைனஸ் பதினெட்டு. ரோலாண்ட் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு பனியில் மல்லாந்து அடியில் புகுந்தான். கதவுக்குக் கீழே தகரத்தைத் திருப்புளிக் கட்டையால் தட்டித் தட்டிக் காது கொடுத்தான். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி ஈரம் இருக்கிறதா என்று தடவினான். டைமிங் பெல்ட் மாற்றிய ரசீதைக் கேட்டு வாங்கினான்.

"ஏம்ப்பா, இழுவைக் கொக்கி இப்படித் தேஞ்சிருக்கே. இத்தனை வருஷமா மலையவா இழுத்தே?" என்று மடக்கி மூவாயிரம் குரோனர் குறைத்தும் கொடுத்தான். ஸிவ்வுக்குப் பெருமை பிடிபடவில்லை.

கையுறையைக் கழற்றி பானெட்டைத் தொட்டாள். கதகதவென்று இருந்தது.

"பாரேன் ரோலாண்ட், நமக்காக ப்ளக் போட்டுச் சூடாக்கி வெச்சிருக்கான். நல்லா வளர்த்த பிள்ளை."

"ம்" என்றான் ரோலாண்ட்.

அந்தப் பக்கத்தில் குளிர்காலத்தில் எல்லா வண்டிக்கும் மூக்கில் ஒரு ஒயர் தொங்கும். ஆள் வருகிறது என்றால் அடுப்பில் காபி ஏற்றுகிற மாதிரி எஞ்சினுக்கும் மின்சாரம் கொடுத்துவைப்பது மரியாதை. பழைய டீசலை வாங்கும்போது மட்டும் ஜில்லென்று கிடக்கிற எஞ்சினைத்தான் முடுக்கிப் பார்க்க வேண்டும்; சூடான எஞ்சின் தன் பழுதைக் காட்டாது. இதுவும் அங்கே எல்லாருக்கும் தெரியும், ஸிவ்வுக்கும் தெரியும். ஆனால், மரியாதை செய்த ஒருவனை 'ஒயரைப் பிடுங்கு, நாளைக்கு வர்றேன்' என்று எப்படி முகத்தில் அடிப்பது? அதுவும் ரோலாண்ட் பக்கத்தில் நிற்கும்போது! சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. வாங்கிவிட்டாள்.

மூன்று வாரம் ஒரு குறையும் இல்லை. வீட்டில் ப்ளக் இருந்தது. ரொட்டிக்கடை முற்றத்தில் கிடையாது. என்றாலும் அந்த வாரங்களில் குளிர் அவ்வளவாக இல்லை. நாலாவது வாரம் மைனஸ் இருபத்தைந்து. மதியம் வேலை முடிந்து வந்து சாவியைத் திருப்பினால் வெள்ளைப் புகைதான் வந்தது, எஞ்சின் வரவில்லை. வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். மறுநாள் அவளால் வேலைக்குப் போக முடியவில்லை.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற ஆள்தான் பார்க்கணும் ஸிவ்" என்றாள் கடைக்காரி போனில்.

மெக்கானிக்கும் கூப்பிட்டார். "சிலிண்டர் எல்லாம் தேஞ்சு போச்சு, கம்ப்ரஷனே இல்ல. சூட்டுல ஓடும். குளிர்ல ஒரே ஒரு தடவை முடுக்கியிருந்தா சின்னக் குழந்தைக்கே தெரிஞ்சிருக்குமே. எந்தப் புத்திசாலி பார்த்து வாங்கினது?"

"நான்தான்" என்றாள். ரோலாண்டின் பெயர் கெட வேண்டாமே என்று!

பிறகு மெல்கெருக்குப் போன் போட்டுக் கத்தினாள்.

"என்னை ஏங்க திட்டறீங்க? ராத்திரியே ப்ளக் போட்டு வைன்னு மாமாதான் சொன்னாரு. உங்ககிட்டயும் சொல்லியிருப்பாருன்னு நெனச்சேன்."

"எந்த மாமா?"

"ரோலாண்ட் மாமாதான். நானும் தூவாவும் சேர்ந்து தெற்கே குடிபோறோம், தெரியாதா?"

தூவா, ரோலாண்டின் மகள். ஸிவ் போனைக் கீழே வைத்தாள். தேய்ந்த கொக்கியைக் காட்டி மடக்கியது, மூவாயிரம் குறைத்தது, பனியில் புரண்டது, எல்லாம் நாடகம். இருபத்திரண்டு வருடம் பழகியவனுக்கு அவளை எப்படி நம்பவைப்பது என்று தெரியாதா என்ன?

நேரே அவன் வீட்டுக்கு நடந்தாள். அவன் மறுக்கக்கூட இல்லை.

"அவங்களுக்குச் சீக்கிரம் வித்தாகணும் ஸிவ். தூவா என் பொண்ணு. நான் என்ன செய்யட்டும்?"

"வேற எவன் தலையிலயாவது கட்டியிருக்கலாமேய்யா. என் தலைதான் கிடைச்சுதா?"

"வேற எவனா இருந்தாலும் குளிர்ல முடுக்கிப் பார்த்திருப்பான்" என்றான் அவன், தரையைப் பார்த்துக்கொண்டே.

அந்தப் பதில்தான் அவளை அறுத்தது. ஏமாறக்கூடிய ஒரே ஆள் என்று கணக்குப் போட்டுத்தான் அவளைத் தேர்ந்தெடுத்திருக்கிறான். அவனை நம்பியதுதான் அவள் செய்த ஒரே குற்றம்.

"நாளைலேர்ந்து நானே உன்னைக் கொண்டு விடறேன். தினமும்" என்றான்.

'உன் வண்டியில் ஏறுவேனா?' என்று கேட்க வாய் வந்தது. ஆனால், காலை ஐந்தரை மாவு அவள் ரோஷத்துக்காகக் காத்திருக்காது. அந்த ஊரில் அந்த நேரத்தில் கிளம்ப வேறு ஆளும் இல்லை.

"நாலேகாலுக்கு வா."

வந்தான். முன்கதவைத் திறந்து பிடித்தான். ஸிவ் பின்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள், வாடகைக் காரில் உட்காருவது போல. எண்பது கிலோமீட்டருக்கும் ஒரு வார்த்தை இல்லை. கடை வாசலில் அவன் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தான்.

"இப்படியேதான் இருக்கப் போறியா ஸிவ்?"

"வேலை நிரந்தரமாகுற வரைக்கும் இப்படித்தான்" என்று கதவைத் திறந்தாள். "அதுக்கப்புறம் இதுவும் இல்ல."