கொல்லன் வீட்டுக் கோழி

எனக்கு வாய்த்த மனுஷர் எங்க யூதத் தெருவுக்கே ரபி; எதைத் தின்னலாம், எதைத் தின்னக் கூடாதுன்னு வேதப்படி தீர்ப்புச் சொல்ல வேண்டியவர். ஆனா 'ஆகும்', 'ஆகாது'ன்னு தன் வாயால சொல்லிட்டா நாக்கு வெந்துடுமோன்னு பயம். யார் என்ன கேட்டாலும் ப்ரோடி பட்டணத்துல இருக்கிற பெரிய ரபிக்கு ஒரு கடிதம் எழுதிடுவார். எழுதி எழுதி விரலெல்லாம், சட்டைக் கையெல்லாம் மை. துவைக்கிறவ நான்.

அந்தக் குளிர்காலத்துல கொல்லன் கெட்ஸலோட பெண்டாட்டி சிரெலுக்குப் பிரசவம். பிள்ளை பிழைச்சுது. இவளுக்கு எழுந்து உட்காரத் தெம்பில்லை. கோழிச் சாறு தவிர எதுவும் உள்ளே இறங்கலை. கெட்ஸல் ஒரு கோழியை அறுக்கக் கொடுத்தான். பிளந்து பார்த்தா இரைப்பைக்குள்ளே ஆணி! அது இரைப்பையைத் துளைச்சிருந்தா எங்க சட்டப்படி அந்தக் கோழியைத் தின்னக் கூடாது. தூக்கிக்கிட்டு எங்க வீட்டுக்கு ஓடி வந்தான்.

"ரெப்பே, இது ஆகுமா?"

"எழுதிக் கேட்கறேன்ப்பா. அதுவரைக்கும் யாரும் அதைத் தொடக் கூடாது."

எனக்குப் பத்திக்கிட்டு வந்தது. "கொல்லன் வீட்டுக் கோழி ஆணியைத் தின்னாம பாதாமா தின்னும்? வெளிப்பக்கம் ஓட்டை இருக்கா, ரத்தம் இருக்கா, பார்த்துச் சொல்லுங்களேன்!"

"நீ சும்மா இரு, ஹிண்டே."

கோழி எங்க நிலவறையில தொங்கிச்சு. நாலாம் நாள்தான் பதில் வந்தது. 'ஓட்டை இல்லேன்னா தாராளமா ஆகும். இதுக்கெல்லாமா என்னைக் கேட்கணும்? கறிக்கு உப்புப் போட்டாச்சுதானே?'

மனுஷர் முகம் வெளிறிப் போச்சு. ரத்தம் எங்களுக்கு ஆகாது; அறுத்த மூணு நாளுக்குள்ளே ஊறப்போட்டு, உப்புத் தடவி, ரத்தத்தை வடிக்கணும். தவறினா அப்புறம் அந்தக் கறி பானைக்கு ஆகாது, நெருப்புல சுடத்தான் ஆகும். சுட்ட கறியை சிரெல் மெல்லுவாளா? தொடாதேன்னு சொன்னவரே இவர்தானே!

"உங்க சந்தேகத்துல இடி விழ!"ன்னு கத்திட்டேன்.

கெட்ஸல் வீட்டுக்கு ஓடினான். மிச்சமிருந்த ஒரே கோழியையும் அறுத்துக் கொண்டு வந்தான். எங்க அடுப்படியிலேயே பிளந்தேன். மறுபடியும் ஆணி! அவன் அப்படியே தரையில உட்கார்ந்துட்டான்.

"இனிமே கோழி இல்லை, ரெப்பே."

இவர் கை மைக்கூட்டுப் பக்கம் போச்சு.

"எழுதுங்க, மகராசனா எழுதுங்க! பதில் வரும்போது சிரெல் இருக்க மாட்டா."

கை நின்னுது. இரைப்பையை ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சு, திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெளிப்பக்கத்தை விரலால தடவினார். ஓட்டை இல்லை, ரத்தம் இல்லை. அந்தக் குளிர்லயும் நெத்தியில வேர்வை.

"ஆகும்"னார்.

"என்னது?"

"ஆகும்! கோஷர்! ஏன் நிக்கறே, ஹிண்டே? சீக்கிரம் ஊறப்போடு! உப்பு எங்கே?"