வேலைக்கு இறங்கினால் தீட்டில்லை

அன்னத்தாய் காலிப் பானையைப் புருஷன் முன்னால் கவிழ்த்துக் காட்டினாள். ஒரு சொட்டு விழவில்லை. காய்ச்சலில் கிடந்த மகள் தண்ணீர் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோயிருந்தாள்.

"ஊத்து வத்திப் போச்சு. நேத்துலருந்து வெறும் மணலத்தான் தோண்டுதேன். நீரு என்ன செய்யப் போறீரு?"

ஊற்றை வற்றவைத்ததே இசக்கியப்பனின் கைதான். மலையிறங்கும் தாமிரபரணி வீணாகக் கடலுக்குப் போகிறதென்று, சர்க்கார் அந்தப் பங்குனியில் அணையை இரண்டு முழம் உயர்த்தியது. கழுத்தளவு நீரில் நின்று கல் அடுக்கியது அவனும் அவன் சேரியாரும். இப்போது அணைக்கு மேலே, மேலத்தெருப் படித்துறையில் ஆறு தளும்புகிறது. கீழே, சேரிப் பெண்கள் ஊற்றுத் தோண்டும் மணல் பொரிந்து கிடக்கிறது.

படித்துறையில் ஒரு குடம் மொண்டால் தீட்டு. கடப்பாரையோடு வேலைக்கு இறங்கினால் தீட்டில்லை. இந்தச் சாஸ்திரத்தை எந்த மகான் எழுதினாரோ, வசதியாகத்தான் எழுதியிருக்கிறார்.

உச்சிவெயிலில் ஊர் கண்ணயர்ந்தபோது இசக்கியப்பன் அணைக்குப் போய் ஒரு கல்லை நெம்பிவிட்டு வந்தான்.

சாயங்காலம் மணல் அப்போதுதான் ஈரமாகத் தொடங்கியது. அன்னத்தாய் பானையோடு குழியருகே உட்கார்ந்திருந்தாள். அதற்குள் மராமத்து மேஸ்திரி ஆவுடைநாயகம் சேரிக்கு எட்ட நின்று கூப்பிட்டார்.

"ஏலே இசக்கி, அணையில கசிவு எடுத்திருக்கு. வந்து அடை. ஒங்க ஆளுகள விட்டா முங்கி அடைக்க யாருலே இருக்கா?"

"புள்ளைக்கு மேலுக்கு முடியல, ஐயா. ஊத்து ஊறட்டும். விடியவும் அடைச்சிருதேன்."

"கல்லு தானா வெலகிச்சா, எவனும் வெலக்கினானான்னு சர்க்காரு கேக்கதுக்கு முன்ன அடைச்சிரு. ஒன் நல்லதுக்குத்தான் சொல்லுதேன்."

மேலத்தெருக்காரர்கள் குளித்துக்கொண்டிருந்த அதே தண்ணீரில், அவர்கள் கண்ணெதிரே, அவன் இறங்கினான். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. "நல்லா இறுக்கி அடை" என்றார் ஒருவர், வாய் கொப்பளித்தபடி. அவன் முங்கி முங்கிக் கல்லைப் பொருத்தினான். கீழே மணலில் ஈரம் நின்றது.

"முடிஞ்சிட்டுல்லா? பெறகு எதுக்குத் தண்ணிக்குள்ள நிக்கே? ஏறு, தீட்டு" என்றார் மேஸ்திரி.

அவன் கடைசியாக ஒரு முறை முங்கி எழுந்து கரையேறினான்.

"ஏலே, கசிவு நின்னுட்டுதா?"

அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

"என்னலே, வாயில கொழுக்கட்டையா வச்சிருக்க?"

இசக்கியப்பன் கன்னம் உப்ப, அவரைத் தாண்டிச் சேரியை நோக்கி நடந்தான். வாயைத் திறந்தால் மகளின் தண்ணீர் சிந்திவிடும்.