நெரை நின்ற ஆட்டம்

அமுதவள்ளிக்கு ஒரு பழக்கம் உண்டு, கண்ணுகளா. யாராவது அவளை "பி.டி. டீச்சர்" என்று கூப்பிட்டால் முகம் சுளிக்காமல் "ஹெட் கோச்" என்று திருத்துவாள். வாழ்த்த வந்தவரையும் திருத்துவாள், வைய வந்தவரையும் திருத்துவாள். அந்தப் பேரை வெற்றிலை பாக்கு வைத்து யாரும் அவளுக்குக் கொடுக்கவில்லை.

போடியில் ஒரு பெண்கள் கல்லூரிக்கு அவளை எடுத்ததே ஆண்டு விழாவுக்குக் கோலாட்டம் பழக்கத்தான். அவளோ கையில் ஒரு கால்பந்தோடு வந்து சேர்ந்தாள்.

"பொம்பளப் பிள்ளைக பந்த ஒதைச்சுக்கிட்டுத் திரிஞ்சா எவன் கட்டுவான்?" என்று ஒரு தகப்பன் சண்டைக்கு வந்தார்.

"கட்ட வர்றவன் கோலுக்கு நிக்கட்டும்ணே. எத்தனை பிடிக்கிறான்னு பாத்துட்டு முடிவு பண்ணுவோம்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வாயோடு மகளை விட்டுப் போனார். அந்த மகள்தான் முதல் கேப்டன். பிறகு ராசிங்காபுரம் தோட்டங்காட்டிலிருந்து பிள்ளைகள் வந்தார்கள், போடிமெட்டுக்கு மேலே ஏலக்காய் எஸ்டேட்டிலிருந்தும் வந்தார்கள். பல்கலைக்கழகப் போட்டியில் கல்லூரியின் பேர் அடிபட ஆரம்பித்த பிறகுதான், 'தலைமைப் பயிற்சியாளர் அமுதவள்ளி' என்று விழா நோட்டீஸில் அச்சாயிற்று. கல்லூரிச் செயலாளர் ராஜாராம் மட்டும் அதற்குப் பிறகும் "ஏம்மா" என்றுதான் கூப்பிட்டார்.

தடுத்தாடும் நாலு பிள்ளைகளை ஒரே கோட்டில் நிற்க வைக்க அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. நாலு பேரும் ஒன்றாக முன்னேறினால், எதிரணிக்காரி பின்னால் தனியாக மாட்டி ஆஃப்சைடு ஆவாள். ஒருத்தி பிந்தினாலும் காரியம் கெட்டது. "லைன், லைன்" என்று கத்தித் தொண்டை கட்டியதுதான் மிச்சம். ஒருநாள் ஆத்திரத்தில், "ஏ ஆத்தாமாரே, களையெடுக்கப் போனா நெரை பிடிக்க மாட்டீகளா?" என்று கேட்டுவிட்டாள்.

பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். "அட, இதத்தான் சொன்னீகளா மேடம்?"

வயலில் பெண்கள் வரிசையாக நின்று களையெடுத்துப் போவதற்குத்தான் நெரை என்று பேர். முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது. அன்றிலிருந்து மைதானத்தில் "நெரை ஏறு!" என்று ஒரு குரல் வந்தால் நாலு பேரும் ஒரே காலாக ஏறினார்கள். எதிரணிகள் திணறின.

அந்தச் சொல்லே ஒருநாள் அவளைக் கவிழ்த்தும் விட்டது.

மதுரையில் அரையிறுதி. ஆட்டம் முடியப்போகிற நேரம், இரண்டு பக்கமும் கோல் இல்லை. நெரையில் இடது கோடியில் ஆடிய பவித்ரா கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு விழுந்தாள். எஸ்டேட்டுப் பிள்ளை அவள். அம்மா தினமும் ஜீப்பில் ஏலக்காய் பறிக்கப் போகிறவள். பவித்ரா விழுந்ததும் மற்ற மூன்று பேரும் நின்றுவிட்டார்கள். சும்மா நிற்கவில்லை, ஓடிப் போய் அவள் காலை நீவினார்கள். வயலில் அப்படித்தானே? ஒருத்தி காலில் முள் ஏறினால் நெரை நிற்கும். மைதானத்தில் நடுவர் விசில் ஊதவில்லையே! எதிரணிக்காரி பந்தை உருட்டிக்கொண்டே போய்க் கோல் போட்டாள். பார்த்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அதை யாரோ செல்போனில் எடுத்து, 'போடி டீம் ஒப்பாரி வைக்குது' என்று போட்டு ஊரெல்லாம் சுற்ற விட்டார்கள்.

ராஜாராம் கூப்பிட்டு அனுப்பினார். ஏலக்காய் வியாபாரி அவர். பேசும்போது விரலிடுக்கில் ஒரு காயை நசுக்கிக்கொண்டே இருப்பார்.

"ஏம்மா, எங்க தொழில்ல சல்லடை போட்டுத்தான் சலிப்போம். பெருவெட்டு மேல நிக்கும், பொடிசு கீழ போகும். இதுல வருத்தப்பட ஒண்ணுமில்ல. அந்த மலைக்காரப் பிள்ளையால காலேஜு பேரு கெட்டுப்போச்சு. அதை டீமை விட்டு எடுத்துரு."

"நீங்க சலிக்கிறது பறிச்ச காய சார். எம்பிள்ளைக இன்னும் செடியில நிக்குதுக."

"வாய் பேசாதம்மா. எடுக்க முடியுமா, முடியாதா?"

"முடியாது. தப்பு அவளோடது இல்ல. நெரை சொல்லிக் குடுத்தவ நானு. பாதியத்தான் சொல்லிக் குடுத்திருக்கேன். வயல்ல ஒருத்தி ஒதுங்குனா பக்கத்துல நிக்கிறவ அவ பங்கையும் சேத்து வாங்கிக்கிருவா. அத நான் சொல்லல. மைதானத்துல அதுதான் மொதல்ல வேணும். இனிமே சொல்லிருவேன்."

"இனிமே நீ சொல்ல வேண்டாம். மதுரைல இருந்து லிங்கேஸ்வரன்னு ஒருத்தரு வர்றாரு. அவருதான் ஹெட் கோச்சு. நீ காலையில யோகா கிளாஸப் பாத்துக்க. அந்தப் பிள்ளைய எடுத்துட்டேன்னு இப்ப ஒரு வார்த்தை சொல்லு, பழையபடி நீயே இருந்துக்க."

அவளுக்கும் ஆசை வந்தது. இல்லையென்று சொல்ல மாட்டேன். கோலாட்டக் குச்சியில் தொடங்கி அத்தனை வருஷமாக ஏறி வந்த படி அது. ஒரே ஒரு வார்த்தை சொன்னால் காலடியில் அப்படியே நிற்கும்.

"யோகாவுக்குப் பாய் எங்க இருக்கு சார்?" என்று கேட்டுவிட்டு எழுந்து வந்தாள்.

பிள்ளைகள் அழுதார்கள். அவள் அதட்டினாள். "ஏய், கண்ணைத் தொடைங்கடி. எஞ்சண்டை என்னோட இருக்கட்டும். நீங்க ஆட்டத்தை விட்டுறாதீக."

அந்த ஒரு பேச்சை மட்டும் அவர்கள் கேட்கவில்லை.

புதுக் கோச்சை ஊருக்குக் காட்ட ராஜாராம் ஒரு நட்பு ஆட்டம் வைத்தார். மலைக்கு அந்தப் பக்கம் கேரளக் கல்லூரி ஒன்றின் அணி வேனில் இறங்கி வந்தது. பந்தல் போட்டு, மைக் கட்டி, எஸ்டேட் முதலாளிகளை நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். ஏலக்காய் மாலை வேறு. அமுதவள்ளி வேலிக்கு வெளியே வேப்பமரத்தடியில் யோகாப் பாய்களை உதறிச் சுருட்டிக்கொண்டிருந்தாள். டீமை விட்டு எடுத்துவிட்ட பவித்ராவும் அங்கேதான், ஒரு பாயில் குந்தியிருந்தாள்.

நடுவர் விசில் ஊதினார். போடிப் பிள்ளைகள் ஆட வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. கோல் காவலுக்கு நிற்கிறவள் உட்பட எல்லோரும் நடுக்கோட்டில் வரிசையாக வந்து இடுப்பில் கை வைத்து நின்றார்கள். இடது கோடியில் மட்டும் ஓர் ஆள் நிற்கிற இடம் காலியாக இருந்தது. நெரையில் பவித்ராவுக்கு அடுத்து ஆடுகிற சுஜாதா அந்த இடத்தைத் தாண்டித் தள்ளி நின்றாள்.

"பொசிஷனுக்குப் போங்கம்மா!" என்றார் லிங்கேஸ்வரன்.

"நெரை நிக்குது சார்," என்றாள் சுஜாதா.

அவருக்கு விளங்கவில்லை. கேரளக் கேப்டன் பந்தின் மேல் கால் வைத்துக்கொண்டு, "எந்தா, களிக்குன்னில்லே?" என்று கேட்டாள். என்ன, ஆடவில்லையா என்று அர்த்தம்.

எஸ்டேட்டுப் பிள்ளை ஒருத்தி அவள் பேச்சிலேயே பதில் சொன்னாள்: "ரெண்டு பேர் கூடி வரானுண்டு." இன்னும் இரண்டு பேர் வர வேண்டும் என்று அர்த்தம். "எந்நா வரட்டே," அப்படியானால் வரட்டும் என்று சொல்லிவிட்டு அந்தக் கேப்டன் தரையில் உட்கார்ந்தாள். அவள் அணி முழுக்க அவளோடு உட்கார்ந்தது. வந்த இடத்தில் எத்தனை நல்ல பிள்ளைகள் பாருங்கள்!

நாற்காலியில் இருந்த ஒரு முதலாளி கொட்டாவி விட்டார். "என்னய்யா ராஜாராம், ஆட்டம் உண்டா? இல்ல, காபியக் குடிச்சிட்டுக் கெளம்பவா?"

ராஜாராம் இறங்கி வந்து மிரட்டினார். டி.சி. கொடுத்துவிடுவேன் என்றார். ஒருத்தியும் அசையவில்லை. வெயிலில் நின்று களையெடுத்த வம்சம், இந்த வெயில் என்ன செய்யும்?

லிங்கேஸ்வரன் நல்ல மனுஷன். விசிலைக் கழுத்திலிருந்து கழற்றி, வேலியோரம் போய் நீட்டினார். "மேடம், என்னைய வரச் சொன்னாங்க, வந்தேன். நீங்க இருக்கிற எடம்னு யாரும் சொல்லல. வாங்க."

அமுதவள்ளி பாயைச் சுருட்டுவதை நிறுத்தவில்லை. "நீங்க கூப்பிட்டு வரக்கூடாது தம்பி. என்னைய நீக்குனவரு கூப்பிடட்டும். மைக்குலதான் கூப்பிடணும். ஏம்மான்னு கூப்பிட்டா எங்காதுல விழாது."

சொன்னது பந்தல்வரை கேட்டது. முதலாளிகள் சிரித்தார்கள். ராஜாராம் மைக்கைப் பிடித்தார். அது ஒருமுறை கொய்யென்று கத்தியது. "அமுதவள்ளி மேடம்..." என்றார். அவள் அடுத்த பாயை எடுத்தாள். அவர் கையிலிருந்த ஏலக்காய் நசுங்கித் தூளாயிற்று.

"ஹெட் கோச் அமுதவள்ளி மைதானத்துக்கு வரவும்."

பவித்ரா துள்ளி எழுந்தாள். அமுதவள்ளி அவளை முன்னால் விட்டுப் பின்னால் நடந்து வந்தாள். பிள்ளைகளைக் கூட்டி வைத்து அவள் நன்றி சொல்லவில்லை, முதுகைத் தட்டவுமில்லை. "சொன்ன பேச்சக் கேக்காத கழுதைகளா," என்றுதான் தொடங்கினாள். "ஒருத்தி விழுந்தா பக்கத்துல இருக்கவ என்ன செய்யணும்?"

"பங்க வாங்கணும் மேடம்."

"வாங்கி?"

முழித்தார்கள். அவள் காதோடு சொன்னாள். எல்லோரும் தலையாட்டினார்கள்.

ஆட்டம் சூடு பிடித்தபோது பவித்ராவுக்கு மறுபடியும் அதே கால் பிடித்தது. சரிந்தாள். எதிரணிக்காரி பந்தோடு அந்தப் பக்கமே பாய்ந்தாள். ராஜாராம் கண்ணை மூடிக்கொண்டார்.

"பங்கு!" என்றது ஒரு குரல். இடது பக்கம் தாவி வந்து சுஜாதா மறித்தாள், பந்தைப் பறித்தாள். முன்னால் ஆள் இருந்தும் கொடுக்காமல், வேலிக்கு வெளியே வேப்பமரத்துக்கு ஓங்கி ஓர் உதை விட்டாள். ஆட்டம் நின்றது. அதற்குப் பிறகுதான் மூன்று பேரும் ஓடிப் போய்ப் பவித்ராவின் காலை நீவினார்கள். கேரளப் பிள்ளை ஒருத்தியும் வந்து பாதத்தைப் பிடித்து மடக்கிவிட்டாள்.

ராஜாராம் வேகமாகக் கோட்டோரம் வந்தார். "ஏம்மா, கைக்கு வந்த பந்த அந்தப் பிள்ளை எதுக்கு வெளிய அடிச்சுச்சு?"

அமுதவள்ளி மைதானத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஹெட் கோச்சுன்னு கூப்பிட்டுக் கேளுங்க சார். சொல்றேன்."