கோட்டைப் பேய்

அந்தப் பேயைக் கிளப்பிவிட்டவனே நான்தான். கடலோரக் கோட்டையை அருங்காட்சியகம் ஆக்கினார்கள், உடைந்த பீங்கானையும் துருப்பிடித்த நங்கூரத்தையும் அடுக்கினார்கள், என்னைக் காவலுக்குப் போட்டார்கள். வந்தவன் எல்லாம் கொட்டாவி விட்டான். எரிச்சலில் ஒருநாள் ஒரு கதை அடித்துவிட்டேன்: "கீழ சிறையறையில ஒரு கைதி செத்துப்போனான். 'கதவத் தொறங்க'ன்னு இன்னும் கத்துறான்." அன்றிலிருந்து கூட்டமான கூட்டம்.

என் மகள் லின்சி நர்ஸ் வேலைக்குக் குவைத் கிளம்பிய நாள் அது. மூன்று வருஷத்துக்குத் திரும்ப மாட்டாள். அம்மா இல்லாமல் நான் வளர்த்த ஒரே பிள்ளை. காலையில் முழங்காலிட்டு, "சிலுவை போட்டு அனுப்புங்கப்பா" என்று நெற்றியைக் காட்டினாள். "போறவளுக்கு என் சிலுவை எதுக்கு?" என்று முறுக்கிக்கொண்டு டியூட்டிக்கு வந்துவிட்டேன். என்ன புத்தியோ! மத்தியானம் சோற்றுப் பாத்திரத்தை மூடிவைத்துவிட்டு எழுந்தேன். மூன்று மணிக்கு ஏர்போர்ட்டுக்குக் கார். அதற்குள் ஓடிப்போய் அந்த நெற்றியில் சிலுவை போட்டுவிட வேண்டும்.

கிளம்புமுன் சிறையறையில் பல்பு மாற்றப் போனேன். கடல்காற்று கதவை அறைந்தது. வெளித் தாழ்ப்பாள் தானாக விழுந்தது. போன் டிக்கெட் கவுண்டரில் சார்ஜில் கிடந்தது.

"கதவத் தொறங்க!"

வெளியே காலடிச் சத்தம் வந்து நின்றது. "டேய், நெஜமாவே கத்துதுடா! வீடியோ எடு!"

"பேய் இல்லங்க! நான் ரெமிஜியஸ், வாட்ச்மேன்!"

"பேரெல்லாம் சொல்லுது பாரேன்!"

"அட, ஸ்பீக்கர் வச்சிருக்காங்கப்பா" என்றான் ஒரு அறிவாளி. நம்பியவனும் திறக்கவில்லை, நம்பாதவனும் திறக்கவில்லை. பாவிகளா!

மாதா கோயில் மணி மூன்று அடித்தது. கார் கிளம்பியிருக்கும். வீட்டில் ஒருநாளும் என் வாயில் வராதது அப்போது வந்தது. கதவில் முட்டிக்கொண்டு அழுதேன். "லின்சி, போகாதம்மா! நீ இல்லாம அப்பாவால முடியாதும்மா!"

டிக்கெட் கொடுக்கும் பூர்ணிமா வந்து திறந்தபோது மணி ஐந்தை நெருங்கியிருந்தது. "போன விட்டுட்டு எங்கயோ போயிட்டீங்கன்னு நெனச்சேன்ணே. இப்பதான் ஒரு கூட்டம் பேய் வீடியோன்னு காட்டுச்சு, உங்க குரல்! கோவத்துல அப்பா ஒளிஞ்சுகிட்டாருன்னு லின்சி பாப்பா உங்க போன்ல கூப்பிட்டு அழுதுச்சேன்னு அதுக்கும் அந்த வீடியோவ அனுப்பிட்டேன்" என்றாள்.

அவள் கையிலிருந்த என் போன் அடித்தது. லின்சி.

"அப்பா, பாபநாசத்துல நிக்கிறோம். வீடியோல நீங்க அழுதத பாத்தேன். காலையில இத ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கிளம்பியே இருக்க மாட்டேன். சொல்லுங்கப்பா, வண்டியத் திருப்பச் சொல்லவா?"

'வா' என்ற ஒற்றை எழுத்து தொண்டைவரை வந்துவிட்டது. இரவு வேலை பார்த்துக்கொண்டே இந்தக் குவைத் வேலைக்கான பரீட்சைக்குப் படித்த பிள்ளை அவள். வெறும் காற்றில் ஒரு சிலுவை போட்டேன்.

"அது நான் இல்லம்மா. கோட்டைப் பேய். அது எப்பவும் அப்படித்தான் கத்தும்" என்றேன். "நீ போயிட்டு வா."